கண்ணுக்குத் தெரியாத ஃபியூஸ் பெட்டி

தங்கையின் கல்யாணத்தில் நான் எந்தச் சீரும் செய்யவில்லை. அப்போது எனக்கு வேலை கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு துணிப்பை, அதில் நாலு நோட்டுப் புத்தகம், ஓரிடத்தில் நிற்காத இரண்டு கால்கள். மண்டபத்தின் பின்னால் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, சித்தப்பாவும் தாய்மாமனும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்டதை இருபது வருஷம் நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவள் கணவருக்குக் கொடுத்த காரை அவ்வளவு அழகாகச் செய்ய நினைத்தேன். அழகாக என்று எழுதும்போதே காது மடல் சுடுகிறது.

தங்கையின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலின் மேல்தளத்தில் கன்டெய்னர்களை இரும்புத் தடிகளால் இறுக்கிக் கட்டும் வேலை. என்னைவிட ஏழு வயது இளையவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ஒரு தடி நழுவி விழுந்தது. வலது கால் முட்டிக்கு மேலே போயிற்று. செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதோடு அக்குளில் ஒரு ஊன்றுகோல்.

வலியைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவருக்குப் பொறுக்காதது தூக்கப்படுவது. ஆட்டோவில் ஏற்ற ஒருவர், இறக்க ஒருவர், படியில் பிடித்துக்கொள்ள ஒருவர். பிடித்தவர் கையை விட்டதும் அந்த இடத்தைத் துடைத்துக்கொள்வார், தூசி ஒட்டியது மாதிரி. அப்படியிருக்க, எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை ஒன்று வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரும் டிரெய்லர்களின் எண்ணைக் குறித்து உள்ளே விட வேண்டும். காலையில் ஏழு மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் பார்ப்பார்கள், சரிப்பட்டால் நிரந்தரம். அவர் ஏறக்கூடிய பஸ் அந்தப் பக்கம் இல்லை. ஷேர் ஆட்டோக்காரன் அவர் ஏறி முடிக்கும்வரை நிற்க மாட்டான்.

“யாருனா கொண்டாந்து வுட்டுத்தான் போவணும்னா அந்த வேலையே வாணாம்னு சொல்றாரு,” என்றாள் தங்கை போனில். “தானா போவணுமாம், தானா வரணுமாம்.”

“நான் கார் குடுக்கிறேன்,” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. வந்த பிறகு என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

பழைய கார்தான். சின்னது, சாம்பல் நிறம், கிளட்ச் இல்லாதது. பெரம்பூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி செய்து பொருத்திக் கொடுத்தார். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கால் வேண்டாம். அந்தக் கைப்பிடியிலிருந்து கீழே போகும் கம்பிக்கும் அதைத் தாங்கும் இரும்புத் துண்டுக்கும் ஸ்டியரிங்குக்கு அடியில் வலது ஓரத்தில்தான் இடம். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். ஃபியூஸ் பெட்டி.

கார் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி அது. மூடியைத் திறந்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மிட்டாய் மாதிரி வரிசையாகச் சொருகியிருக்கும். ஹாரனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு ஒன்று. எங்காவது கரண்ட் எல்லை மீறினால் அந்த இடத்து ஃபியூஸ் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றும். எரிந்ததைப் பிடுங்கிப் புதுசைச் சொருகினால் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை, கை எட்டினால்.

திருவொற்றியூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். என் வயதுதான் இருக்கும். கார் வேலைக்கு வருமுன் காசிமேட்டில் பதினைந்து வருஷம் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்தவர். காருக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்து, வெளியே வந்தார்.

“பெட்டி இங்க இருக்க முடியாது நைனா. இந்தக் கம்பிக்கு எடம் வுடணும்னா இத்த வேற வூட்டுக்கு அனுப்பணும்.”

“அனுப்பிடு.”

“எங்க அனுப்பறது? ஓட்றவரு எங்க?”

“வீட்டில இருக்காரு.”

“இட்டா. சீட்டுல குந்த வெச்சு கைய நீட்டச் சொல்றேன். எங்க படுதோ அங்க வெச்சிடறேன். அவ்ளோதான் மேட்டரு.” பீடியைக் காதில் சொருகிக்கொண்டார். “போட்ல எங்க வெப்போம் சொல்லு? சுக்கான் புடிக்கிறவன் கைக்குப் பக்கத்துல. நடுக்கடல்ல லைட்டு பூட்சின்னா, அவன் எழுந்து போயி தேடிகினு இருப்பானா?”

“அவருக்கு இது சர்ப்ரைஸ்ப்பா. இப்பவே இட்டாந்தா எப்படி?”

சர்ப்ரைஸ். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கியர் தண்டின் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். “அப்டீன்னா இங்க. மூடி மேல பார்த்தாப்ல. கண்ண மூடிகினு தொடலாம்.”

நான் கற்பனையில் அதைப் பார்த்தேன். சுத்தமான சாம்பல் பலகை. அதன் நடுவில் கறுப்பாக ஒரு கட்டி. அதிலிருந்து குடல் மாதிரி வயர்கள். எழுதும்போதும் எனக்கு இதே வியாதி உண்டு. வாக்கியத்தில் ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தால் தூக்கம் வராது. அந்த வியாதியைக் காருக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

“அசிங்கமா இருக்கும்ப்பா. பஸ் மாதிரி. எங்கயாவது உள்ள மறைச்சு வை. கண்ணுக்கே தெரியக் கூடாது.”

“கண்ணுக்குத் தெரியாம வெக்கறதுக்கு இது இன்னா திருட்டு நகையா?”

கொட்டகையில் இருந்த இன்னொரு கார்க்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை. நானே காரைச் சுற்றி வந்து இடத்தைக் கண்டுபிடித்தேன். இடது சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் பள்ளம். அதன் ஆழத்தில், ஓரமாக, கம்பளத்துக்குப் பின்னால். கம்பளத்தை மூடிவிட்டால் அங்கே எதுவுமே இல்லை.

எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒத்தக் கால் மனுசன் இதுக்குள்ள எப்டி நைனா பூருவாரு?”

“அவர் ஏன் பூரணும்? ஃபியூஸ் போனா எனக்கு ஒரு போன் போடட்டும். நான் வந்து மாத்தறேன்.”

தானாகப் போக வேண்டும், தானாக வர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்தக் காரே. அதை வைத்துக்கொண்டு நான் இந்தப் பதிலைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது அன்பு மாதிரிதான் பட்டது.

வேலை இரண்டு நாள் பிடித்தது. நாற்பதுக்குப் பக்கமாக வயர்கள். ஒவ்வொன்றையும் வெட்டி, இரண்டு முழம் புது வயர் சேர்த்து நீட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணிநாடா கட்டி, பென்சிலால் எண் போட்டார். அப்புறம் முறுக்கினார், ஈயம் வைத்தார், மேலே ரப்பர் குழாய் ஏற்றிச் சூடு காட்டிச் சுருங்க வைத்தார். ஒவ்வொரு மூட்டையும் இழுத்துப் பார்த்தார். வராது என்று தெரிந்தும் இழுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் கம்பளத்தை மூடிவிட்டு, “இன்னா, தெரியுதா?” என்றார். தெரியவில்லை. நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூடியின் உட்பக்கத்தில் நாலைந்து உதிரி ஃபியூஸ்களை ஒட்டி வைத்திருப்பதாக மட்டும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையின் தெருவுக்குக் காரைக் கொண்டுபோனேன். சும்மா கொண்டுபோகவில்லை. பானட்டின் மேல் தட்டுகள். ஒன்றில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும், ஒன்றில் தேங்காய், ஒன்றில் வேட்டி சட்டை, ஒன்றில் புடவை. முகப்பில் சாமந்தி மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். இருபது வருஷம் கழித்து அண்ணன்காரன் சீர் கொண்டுவந்திருக்கிறான் என்று தெருவே வெளியே வந்து நின்றது. தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, யாரும் பிடிக்குமுன், தானே உள்ளே சரிந்து உட்கார்ந்தார். கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். முகம் மாறிற்று. அந்த முகத்தைப் பார்த்ததில் எனக்கு வந்த சந்தோஷம் நிஜம். அதை மட்டும் நான் மறுக்க மாட்டேன்.

பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“மச்சான், ஃபியூஸெல்லாம் எங்க கீது?”

“கண்டுபிடி பார்க்கலாம்!” என்றேன் உரக்க.

தெருவில் விளையாட்டாகிவிட்டது. ஒருவர் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒருவர் டிக்கியைத் திறந்தார். “இன்னாபா இது, மேஜிக்கா?” என்றது ஒரு குரல். நான் இடது கதவைத் திறந்து, மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, கம்பளத்தை விலக்கிக் காட்டினேன். யாரோ கைதட்டினார்கள். மாப்பிள்ளை ஓட்டும் சீட்டில் இருந்தபடியே கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். நடுவில் கியர் தண்டு, ஹேண்ட் பிரேக், இன்னொரு சீட்டு.

“சூப்பர் மச்சான்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் சீரில் குறை சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிச் சொல்லியே கட்டினவளை அழவைப்பவர்கள் உண்டு. அவர் அந்த ரகம் இல்லை. கல்யாணத்தன்று நான் வெறுங்கையோடு நின்றதைப் பற்றி இருபது வருஷத்தில் ஒரு ஜாடைப் பேச்சுகூட அவர் வாயில் வந்ததில்லை என்று தங்கை சொல்லியிருக்கிறாள். மச்சான் வீட்டிலிருந்து தட்டில் வைத்து வந்த பொருளில் நொட்டை சொன்னால் அடி தன் மனைவிக்கு விழும் என்று தெரிந்த மனுஷர். காரை நான் சாதாரணமாக, ஒரு வேலைநாளில், பழைய லுங்கியோடு கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், “இத்த இந்தாண்ட மாத்து மச்சான்” என்று அன்றைக்கே சொல்லியிருப்பார். நான் மாலை போட்டுக் கொண்டுபோனேன். அந்த மாலை அவர் வாயைக் கட்டியது.

மூன்று வாரம் ஓட்டினார். காலை ஆறு மணிக்கு எழுந்து, தானே கண்ணாடி துடைத்து, தானே கிளம்பிப் போனார். தங்கை போனில் சொல்லுவாள்: “இன்னிக்கும் போய்ட்டாரு.” நான் ராயபுரத்தில் என் ஆபீஸில் எல்லாரிடமும் கார் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நீண்டது.

அப்புறம் மழை பிடித்தது. மழையோடு போன் குறைந்தது. ஒருநாள் நானே கேட்டேன். “அந்த வேலை சரிப்படலண்ணா. வுட்டுட்டாரு,” என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்து கொடுத்தும் மூன்று வாரத்தில் விட்டுவிட்டாரே என்று. பத்து நாள் பேசாமல் இருந்தேன்.

பிறகு ஒரு மதியம் போனேன். தெருக் கடைசியில் நீலத் தார்ப்பாய் மூடி நின்றுகொண்டிருந்தது கார். தார்ப்பாயின் குழிவுகளில் மழைத்தண்ணீர். வாசலில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை வாசல் ஓரமாக அரிவாள்மனை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னா மாப்ள,” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “போர்வை போத்தி தூங்க வைக்கவா கார் குடுத்தேன்?”

“மழை மச்சான். வெறிச்சதும் எடுக்கறேன்.”

“மழைக்குக் கரைஞ்சிடுமா? ஊர்ல அவனவன் ஓட்டலையா? மனசு வேணும் மாப்ள. மனசு இருந்தா எந்த வேலையும் சரிப்படும்.”

அவர் தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் இன்னும் ஏதோ சொன்னேன். என்ன என்பதை எழுத முடியும். எழுதப் பிடிக்கவில்லை.

தங்கை தலையைத் தூக்கவில்லை. செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். “போதும்ண்ணா. அவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்லிடறேன்.”

“உள்ள போ நீ,” என்றார் அவர்.

“போவல.”

அவள் சொன்னது இது. மழை ஆரம்பித்த வாரம். காலை ஆறரை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வாரியடிக்கும் சேறு, அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு, கண்ணாடியில் அப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வைப்பர் இழுத்து இழுத்துத் திணறி நின்றுவிட்டது. அதன் ஃபியூஸ் எரிந்துபோயிற்று. எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது, அதில் யார் தப்பும் இல்லை. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓரம் கட்டினார். எந்த ஃபியூஸ், எத்தனையாவது, என்ன நிறம், எல்லாம் அவருக்குத் தெரியும். முதல் வாரமே தனியாகக் கொட்டகைக்குப் போய் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். சீட்டிலிருந்து சீட்டுக்கு நகரப் பார்த்தார். செயற்கைக் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இறங்கி, சுற்றிப் போய், அந்தப் பக்கக் கதவைத் திறக்கப் பார்த்தார். ஊன்றுகோல் சேற்றில் இறங்கி விழுந்தார். எழுந்து, திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாலையில் யாரும் நிற்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேரம்.

“எனக்கு ஏன் போன் பண்ணல?” என்றேன். யாரைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“உனக்கு போன் பண்ணா, பெட்டி எட்டலன்னு சொல்லணும்ல?” என்றாள்.

கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதிலிருந்து இறங்கியவள் எண்ணூரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அம்மா. இந்தத் தெருவுக்கும் வருகிறவள். மீன் வாங்குகிற வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறதே என்று ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். கூடையை ரோட்டோரம் இறக்கிவிட்டு, இடது கதவைத் திறந்து, சேற்றில் மண்டிபோட்டு, எட்டாமல் அந்த முட்டியோடு மிதியடிமேல் ஏறி, தலையை உள்ளே விட்டாள். அவர் சீட்டில் இருந்தபடி சொல்லச் சொல்ல இவள் துழாவினாள். மேல் வரிசை, மூணாவது, நீலம். “நண்டுப் பொந்துல கைய வுட்றாப்ல கீதேய்யா,” என்றாளாம். எரிந்ததைப் பிடுங்கி, மூடியில் ஒட்டியிருந்த உதிரியைச் சொருகினதும் வைப்பர் ஓடியது. எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள்:

“எந்தப் பேமானிய்யா இத்த கொண்டாந்து இங்க சொருகினான்?”

“நான்தாம்மா சொருகச் சொன்னேன்,” என்றாராம் இவர்.

மறுநாள் மீன் கொண்டுவந்தபோது அந்த அம்மாதான் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். உன் வூட்டுக்காரருக்கு அறிவே இல்லை என்று சிரித்துக்கொண்டே. மிச்சத்தைத் தங்கை அவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

கிடங்குக்கு அவர் போனபோது எட்டேகால் ஆகிவிட்டது. சட்டை முழுக்கச் சேறு. அவர்கள் திட்டியிருந்தால் தேவலை. மேற்பார்வையாளர் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, “இந்த மழைல நீங்க ஏன் சார் கஷ்டப்படணும். வீட்ல இருங்க, கூப்பிடறோம்,” என்றார். அங்கிருந்த இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கார்வரை கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். கூப்பிடவில்லை.

தங்கை மீனை அலசிக்கொண்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போது போனார்கள் என்று தெரியாது. நான் தெருக் கடைசிவரை நடந்து, தார்ப்பாயை விலக்கி, இடது கதவைத் திறந்தேன். மண்டியிட்டேன். சீர் கொடுத்த அன்று செய்தது மாதிரியே. அன்றைக்குப் பார்க்க ஆள் இருந்தது, முட்டி வலிக்கவில்லை. இன்றைக்கு இரண்டு காலும் உள்ளவனுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. மிதியடியில் இரண்டு வட்டமாகக் காய்ந்த சேறு. அந்த அம்மாவின் முட்டிகள். கம்பளத்தை விலக்கினேன். பெட்டியின் மூடியில் ஒரு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

திரும்பி வந்து, “மாத்திடலாம் மாப்ள,” என்றேன்.

“எதுக்கு மச்சான் பேஜாரு. நல்லாத்தான் கீது. நீங்க பார்த்துப் பார்த்துச் செஞ்சது.”

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

எலக்ட்ரீஷியனிடம் போய் நின்றேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை மனப்பாடம் செய்ய வந்த அன்றே பாதி தெரிந்திருக்கும். “இன்னா நைனா, இப்ப கண்ணுக்குத் தெரிய ஆரமிச்சுடுச்சா?” என்றார். “மாத்திக் குடுப்பா,” என்றேன். அதோடு அவரும் கிண்டலை விட்டுவிட்டார். “வண்டிய மட்டும் இட்டாராத. ஆள இட்டா.”

மாப்பிள்ளையை அழைத்துப்போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மூன்று ஞாயிறும் ஏதாவது காரணம் சொன்னார். நாலாவது தடவை தங்கைதான் அவரைக் கிளப்பினாள். அவர் ஓட்டினார், நான் இடது சீட்டில். கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டேன்.

கொட்டகையில் எலக்ட்ரீஷியன் பெட்டியைக் கழற்றி, வயர்களோடு கையில் ஏந்திக்கொண்டு, பக்கத்தில் குனிந்தார். “சொல்லுங்க தலீவரே. எங்க வெக்கலாம்?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “மச்சான் சொல்ற எடத்துல வையுங்க.”

ஐம்பது வயதில் ஒருவனை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருப்பார்கள். இந்த ஒரு வரிக்கு எதுவும் பக்கத்தில் வராது.

“நைனா,” என்றார் எலக்ட்ரீஷியன் என்னிடம். “எதிர்ல டீக்கடை கீது பாரு. போயி ஒண்ணு சாப்ட்டுகினு நில்லு. கூப்புடறேன்.”

போனேன். டீ வாங்கினேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கூட்ஸ் ரயில் போயிற்று. அது போன பிறகு மாப்பிள்ளையின் குரல் வந்தது. “இல்ல, இன்னும் மேல… இன்னும்… இருங்க, இந்த கியர முன்னால தள்ளுனா கை இடிக்கும். இந்தாண்ட வாங்க. ஹாங். இப்ப மூடியத் தொறங்க. இந்தப் பக்கமா தொறக்கற மாரி வையுங்க, அந்தப் பக்கம் வாணாம்.” எலக்ட்ரீஷியன் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். தடி விழுந்த நாளுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கப்பல் மேல்தளத்தில் பத்துப் பேருக்கு நடுவில் நின்று, இழு, நிறுத்து, இறுக்கு என்று சொல்லிய குரல். அது போய்விட்டதென்று நினைத்திருந்தேன். எங்கும் போகவில்லை. நான் நாற்பது அடி தள்ளிப் போனதும் வந்துவிட்டது. டீ ஆறிப்போயிற்று. குடித்தேன்.

கூப்பிட்டதும் உள்ளே போய்ப் பார்த்தேன். கியர் தண்டுக்கு முன்னால், சற்று மேலே, கறுப்பாக, பளிச்சென்று தெரிகிற மாதிரி. பக்கவாட்டில் வயர்க் கற்றையைப் பட்டையால் சுற்றிக் கட்டியிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கணத்திலும், எல்லாம் தெரிந்த பிறகும், என் கண் அதை அசிங்கம் என்றுதான் சொன்னது. கண்ணை என்ன செய்வது.

“எப்டி கீது மச்சான்?”

“நல்லா இருக்கு.”

“பொய் சொல்லாதீங்க. கேவலமா கீது,” என்று சிரித்தார். “ஆனா கைக்கு வருது பாருங்க.” ரோட்டைப் பார்த்தபடியே மூடியைத் திறந்து, ஒன்றைப் பிடுங்கி, திரும்பச் சொருகி, மூடினார்.

“ஒரு ரவுண்டு போலாமா?” என்றார். விரைவுச் சாலைக்கு விட்டார். வேலை போன பிறகு அந்தப் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. வெயில் அடித்தது. சேறு காய்ந்து தூசியாகிப் பறந்தது. கிடங்கு வரும் இடத்தில் ஒரு டிரெய்லர் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வாசல் நாற்காலியிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து வந்து, கையில் நோட்டோடு, எங்களை நிற்கச் சொல்லிக் கை காட்டினான். மாப்பிள்ளை கைப்பிடியைத் தள்ளி நிறுத்தினார். டிரெய்லர் நீளமானது. மெதுவாகத் திரும்பியது. அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கைப்பிடியில். நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். என் காலடியில், இன்னும் மூடாத கம்பளத்துக்குப் பின்னால், பெட்டி இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள் இருந்தன. டிரெய்லர் முழுக்க உள்ளே போனதும் மாப்பிள்ளை கைப்பிடியை இழுத்தார்.